இரசாயனவியலுக்கு ஒரு பதக்கம்

இரசாயனவியல் என்றால் என்னவென்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அந்தப் பாடத்துக்குக் கொடுத்த பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் நயினாதீவில் திரிந்திருக்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி உயர்தர வகுப்புப் படித்தாள். படித்து முடித்து வெளியேறும் பிள்ளைகளைக் கௌரவிக்கும் விழாவில் இரசாயனவியல் பதக்கம் அவளுக்கு என்று தகவல் வந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை. ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பெயரைக் கூப்பிட்டதும் அக்கா வெள்ளைச் சேலையில் மேடையேறினாள். விருந்தினராக வந்த அம்மையார் பதக்கத்தைத் தூக்க, அவள் தலையைக் குனிந்தாள். மண்டபம் கை தட்டியது. ஐயாவுக்குக் கை தட்டிப் பழக்கமில்லை. கோயிலில் நிற்பதுபோல இரண்டு கைகளையும் கூப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது இரசாயனவியல் ரீச்சர் ஐயாவிடம் வந்தா.

"பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்கும், பட்டம் எடுப்பாள். மறிச்சுப் போடாதேங்கோ."

"நான் ஏன் மறிக்கிறன்? அவள் விரும்பின மட்டும் படிக்கட்டும்."

அக்காவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. படகிலும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

"அக்கா, இனி நீ டொக்டரோ?"

"இல்லையடா விசரா. வெள்ளைக் கோட்டுப் போடுவன், ஊசி போடமாட்டன்."

"பிறகேன் கோட்டு?"

ஐயாகூடச் சிரித்துவிட்டார்.

இறங்குதுறையில் மாமி ஆலாத்தித் தட்டோடு நின்றா. மாமி ஐயாவின் தமக்கை. மகன் கொழும்பில் கடை வைத்திருந்தான். அயல் பெண்களையெல்லாம் மாமி கூட்டி வந்திருந்தா. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

"எங்கடை குடும்பத்துக்கே பேர் வாங்கித் தந்திட்டாய். குனி, பிள்ளை!"

காலையில் மேடையில் குனிந்ததுபோலவே அக்கா சிரித்தபடி குனிந்தாள். மாமி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டா.

"எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ. இவள் இனி என்ரை பெடியனுக்குத்தான்."

அக்கா நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தாள்.

"அக்கை, பிள்ளை இன்னும் படிக்க வேணுமெண்டு…" என்று ஐயா மெல்லத் தொடங்கினார்.

"மெடலும் போட்டாச்சு, இன்னும் என்ன படிப்பு? விருப்பமில்லாதவள் தலையைக் குனிஞ்சு வாங்குவாளோ?"

பெண்கள் சிரித்தார்கள். நாலுபேர் முன்னால் மாப்பிள்ளையின் தாய் போட்ட சங்கிலியை எங்கள் பக்கத்தில் யாரும் கழற்றுவதில்லை. கழற்றினால் பிறகு ஒரு வீட்டார் மற்ற வீட்டுச் செத்தவீட்டுக்குக்கூடப் போகமாட்டார்கள். மாமிதான் தாயில்லாத ஐயாவைத் தூக்கி வளர்த்தவ. ஐயா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது பதக்கத்தின் நாடாவும் சங்கிலியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அக்கா நின்றாள். முன்னால் போன ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மெதுவாகச் சிக்கெடுத்து, பதக்கத்தைக் கழற்றினாள்.

"நீ வைச்சிரு, தம்பி."

விழாவில் பார்த்ததுபோல நானும் தலையைக் குனிந்தேன். போட்டுவிட்டாள்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. கடைத்தெரு வரைக்கும் ஓடினேன். கண்டவர்களுக்கெல்லாம் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"அக்காவுக்குத் தங்கச் சங்கிலி கிடைச்சிட்டுது. இனி அவவுக்கு இது தேவையில்லையாம்!"