ஞாயிறு கணக்கில் இல்லை

ராயபுரம் துறைமுகக் கிடங்கில் நான் மூட்டை எடை போடும் குமாஸ்தா. சனிக்கிழமைதோறும் ஒரு கிரேன் டிரைவர் என் தராசுப் பலகையில் ஏறி நிற்பார். பருத்த உடம்பு, நின்றாலே மூச்சு வாங்கும். இதயம் பலவீனம், எடை குறையாவிட்டால் கிரேன் ஏறக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆறு நாளும் அவருக்குக் கஞ்சிதான். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் கறி, குடல், வஞ்சிரம் என்று வயிறுமுட்டச் சாப்பிடுவார்.

"இப்படித் தின்றால் எப்படிக் குறையும்?" என்று கடிந்துகொண்டேன்.

"தவக்காலத்துலயே ஞாயித்துக்கெயம ஒருசந்தி நோன்பு கெடையாது சார். ஆண்டவரே வுட்டுட்றாரு. டாக்டரு இன்னா, அவருக்கு மேலயா?"

எத்தனையோ வாரம் முள் அசையவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. "பாத்தியா சார்!" என்று சிரித்துக்கொண்டே போனவர், கிரேன் ஏணியில் பாதி ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கீழே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அவரைக் கொன்றது ஞாயிற்றுக் கறியா, ஆறு நாள் கஞ்சியா? எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். சாவு விழுந்த வீடு, அடுப்பு மூட்டவில்லை. எனக்குத் தெரிந்து அவர் வீட்டில் கறி வேகாத ஞாயிறு அது ஒன்றுதான்.