ராஃபேல் வேண்டாம் என்ற பேஸ் கிதார்

ராஃபேல் இறந்த செய்தியை ஜோஸிதான் கொண்டுவந்தார். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியவர் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். எங்கள் பழைய இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அவர்; எதையும் உரக்கச் சொல்லித்தான் பழக்கம். அன்று குரல் எழவில்லை. "நம்ம ராஃபேல் போயிட்டான், பத்மா. காலம்பற சாயா குடிச்சிட்டு கசேரையில உக்காந்திருந்தான். அப்படியே போயிட்டான்" என்றார். உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

தோப்பும்படியில் நடந்த அடக்கத்துக்குப் போனேன். தேவாலயத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய காதைப் பற்றியே பேசினார்கள். அப்படிப்பட்ட காது கொச்சியில் வேறு யாருக்கும் இல்லை என்றார்கள். உண்மைதான். பிறகு நண்பர்கள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். நல்லதை மட்டும் எழுதவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் கொஞ்சம் தெரிந்திருக்கும். என் அப்பா மிளகு மண்டியில் கணக்குப் பார்த்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எனக்கு வீணை சொல்லிவைத்தார்கள். ராஃபேலின் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து மீன் வியாபாரத்துக்கு வந்து தோப்பும்படியில் தங்கிவிட்ட குடும்பம். அதனால் எங்களுக்குள் எப்போதும் தமிழ்தான், கொச்சித் தமிழ். கல்யாண விருந்துகளில் வாசிக்கும் ஒரு குழு வைத்திருந்தார். ஒருநாள் ஒரு விழாவில் என் வீணையைக் கேட்டுவிட்டு, குழுவுக்கு பேஸ் கிதார் வாசிக்க வருகிறாயா என்றார். நான் பேஸ் கிதாரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வலக்கையில் இரண்டு விரலால் மீட்டத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வரும் என்றார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மேடையில் பெண்கள் பாடுவார்கள். பேஸ் வாசித்த பெண்ணை நாங்கள் யாரும் கண்டதில்லை.

அப்பா சம்மதிக்கவில்லை. ராஃபேல் வீட்டுக்கே வந்தார். சட்டைக் கையை இறக்கி, பொத்தான் போட்டுக்கொண்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார். "எங்கூட வந்தா எங்கூடவே திரும்பிக் கொண்டுவந்து விடுவேன், சாமி. இவளுக்கு ஒரு குறைவு வந்தா என்னைக் கேளுங்க" என்றார். அப்பா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு அம்மாவிடம் காபி கொண்டுவரச் சொன்னார். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

குழுவிடம் இருந்த பேஸ் கிதார் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியது. எனக்கு அது கனம். கம்பிகள் பலகையிலிருந்து உயர்ந்து நின்றன. அழுத்தினால் விரல் நுனி எரியும். நான் மெல்ல மீட்டுகிறவள், ஆனால் அந்தக் கருவி ஓங்கி இழுத்தால்தான் பேசும். நான் தடுமாறும்போதெல்லாம் ராஃபேல் ஒன்றையே சொல்வார்: "நல்ல பேஸ், கெட்ட பேஸ்னு ஒண்ணும் இல்ல. உன் விரலுக்குச் சேருதா, அதை மட்டும் நோக்கு." இன்றுவரை இதைவிடச் சரியான பேச்சை நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் வெல்லிங்டன் தீவில் ஒரு ஓட்டல், மாலை வேளைகளில் வாசிக்க நிரந்தரமாக ஒரு குழுவைத் தேடியது. எங்களைக் கேட்டுப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொருவரும் சொந்தக் கருவியோடு வரவேண்டும், இரவல் கூடாது. எனக்கு ஒன்று வாங்கித் தர அப்பா வழி யோசித்தார். புதிய பேஸ் கிதார் எங்களுக்கு எட்டாத விலை. அப்போதுதான் பஜாரில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் ஜப்பான் பேஸ் ஒன்று வந்திருப்பதாகத் தெரிந்தது. கப்பலில் வேலை செய்த யாரோ விற்றுவிட்டுப் போனது. வண்ணம் பெயர்ந்து, ஒரு திருகு குமிழ் காணாமல் போயிருந்ததால் மலிவாகத் தருவதாகச் சொன்னார் கடைக்காரர். நானும் ராஃபேலும் போனோம்.

அவர் அதைச் சோதித்ததை இப்போதும் பார்க்கிறேன். துப்பாக்கி பிடிப்பதுபோலக் கண்ணுக்கு நேரே தூக்கி, கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். வாரை என் தோளில் மாட்டிவிட்டு, இடக்கையை எடுக்கச் சொன்னார். தலைப்பக்கம் கீழே சாயாமல் நின்றது. மின்சாரம் இல்லாமலே மீட்டச் சொல்லி, மரத்தில் காதை வைத்துக் கேட்டார். தெரிந்த பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் வாசித்தால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும், பாட்டு முடியும்போது மணிக்கட்டு என்ன சொல்கிறது என்பதே விஷயம் என்றார். வாசித்தேன். என் சிறிய கைக்குக் கழுத்து அடங்கிற்று. விரல் பட்டதுமே ஒலித்தது. மணிக்கட்டு எதுவும் சொல்லவில்லை. எனக்குள் பாதி அப்போதே அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

பிறகு அவர் அதைக் கையில் வாங்கி, கடையிலிருந்த பழைய ஒலிபெருக்கியில் இணைத்து, ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசித்துக்கொண்டே போனார். வீணையில் மெட்டு என்போமே, அதுதான். ஏழாவதில் ஒலி கரகரத்துச் செத்தது. மறுபடி தொட்டார். மறுபடியும் செத்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "கழுத்து வளைஞ்சிருக்கு, பத்மா. நாளைக்கு இன்னும் மோசமாகும். இது உனக்குச் சேராது, கேட்டியா. நல்லது வரும், நான் நோக்கித் தரேன்." என் கை வேறு சொன்னது. ஆனாலும் அது ராஃபேலின் காது. திரும்பி வந்துவிட்டோம்.

நல்லது எதுவும் வரவில்லை. ஓட்டல் காத்திருக்காது, அதனால் தற்காலிகமாகத் தன் மச்சினன் விக்டரை வைத்துக்கொள்வதாக ராஃபேல் சொல்லி அனுப்பினார். எனக்கு வருத்தம் இருந்ததே தவிர சந்தேகம் இல்லை. அவர்கள் வாசிக்கத் தொடங்கிய நாளில் வாழ்த்துச் சொல்ல அப்பாவோடு தீவுக்குப் போனேன்.

விக்டரின் தோளில் அந்த ஜப்பான் பேஸ் தொங்கியது. பெயர்ந்த வண்ணம், குமிழ் இல்லாத துளை. இடைவேளையில் மேடையருகே போய், கொஞ்சம் தருகிறாயா என்றேன். ஒன்றும் அறியாத விக்டர் சிரித்துக்கொண்டே கொடுத்தான். ஏழாவது ஃபிரெட்டில் விரலை ஒட்டி வைத்து மீட்டினேன். மணி போல ஒலித்தது. அடுத்து விரலைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, அழுத்தாமல் தொட்டேன். கடையில் கேட்ட அதே கரகரப்பு. கோளாறு கருவியின் கழுத்தில் இல்லை, அன்று வாசித்த விரலில்.

தலை நிமிர்ந்தபோது ராஃபேல் எதிரில் நின்றிருந்தார்.

"விக்டருக்கு ஒரு வழி வேணும் பத்மா. வீட்டுல தினம் சண்டை. உனக்கு அப்பா இருக்கார்" என்றார்.

"இடத்தைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, சேட்டா. என் காதை எதுக்குப் பொய்யாக்கினேள்?"

அப்பாவும் அங்கேதான் நின்றார். ராஃபேல் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

போனது ஓட்டல் வேலை மட்டுமாக இருந்தால் ஒரு வருஷத்தில் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு எந்தக் கருவியைத் தொட்டாலும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுகமாக இருந்தால், நாம் ஏமாறுகிறோமோ என்று தோன்றும். கரகரத்தால், குறை கருவியிலா விரலிலா என்று குழம்புவேன். எர்ணாகுளத்தில் கடை கடையாக ஏறி வெறுங்கையோடு இறங்கினேன். வீணையைக்கூட சுருதி சேர்த்துவிட்டு அம்மாவைக் கேட்பேன், சரியா இருக்கா என்று. அம்மாவுக்கு அது விளையாட்டாகப் பட்டது.

கடைசியில் ஒரு மலிவான உள்நாட்டு பேஸ் வாங்கினேன். தனியாகப் போய், ராஃபேல் செய்த ஒவ்வொன்றையும் அதே வரிசையில் செய்தேன். கழுத்து கொஞ்சம் அகலம், கம்பிகள் உயரம். தோப்பும்படியில் ஒரு பட்டறையில் கம்பி தாங்கும் பாலத்தை ராவித் தாழ்த்தியதும் என் மெல்லிய மீட்டலுக்குப் பணிந்துவந்தது. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் கானமேளா என்னும் மெல்லிசைக் கச்சேரிகளில் வாசிக்கிறேன்.

கும்பளங்கியில் ஒரு திருவிழா மேடை முடிந்ததும் ராஃபேல் என்னைத் தேடி வந்தார். அப்போதே தலை நரைத்திருந்தது. விக்டர் துபாய்க்குப் போய்விட்டதாகவும் அந்த பேஸ் வீட்டில் சும்மா கிடப்பதாகவும் சொன்னார். "அது உனக்குச் சேர்ந்தது. நீ தொட்டப்பவே தெரிஞ்சது. எடுத்துக்கோ" என்றார். வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்பார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். கேட்கவில்லை. என் கிதாரைக் கையில் வாங்கி ஒருமுறை மீட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நீ வாசிச்சது கொள்ளாம், பத்மா. ரொம்பக் கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தார். நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அதுதான்.

நண்பர்களே, உங்களில் பலருக்கு அவருடைய ஒரு சொல் வாழ்நாள் சான்றிதழ். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. அது உண்மையா, குற்றவுணர்ச்சி பேசியதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதரை அடக்கம் செய்துவிட்டோம்.

கருவியைச் சோதிக்கும் முறை முழுவதும் அவர் கொடுத்ததே. அதில் ஒரு பொய்யும் இல்லை, அதை வைத்திருக்கிறேன். கூடவே இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. கிதாரைக் கையில் எடுத்ததும் கடைக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறேன். எவ்வளவு வேண்டியவர் உடன் வந்தாலும், வெளியே நில்லுங்கள், நானே வாசித்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்கிறேன்.