பார்க்காத வேன்

நான் அந்த வெள்ளை வேனைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். தமிழ்ப்பள்ளி வேலியோரமாக நின்றது, பின்பக்கம் கண்ணாடி இல்லை, ஓட்டுகிறவன் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றெல்லாம் சொன்னேன். பார்த்ததாகச் சொன்ன அந்த மதியம் நான் வீட்டில் விசிறிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். என் பொய்யால் ஒரு மனிதர் தெருவில் அடி வாங்கினார். பிழைப்பையும் இழந்தார்.

ஓய்வு பெறும்வரை நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயிலோ ஆங்கிலத்திலோ நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. சாட்சி, 'அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்க' என்று ஆரம்பித்தால், 'நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்' என்ற சொல் என் வாய்வழியாகத்தான் அவருக்குப் போகும். எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ரெம்பியாவுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு, தாமான் என்போம், இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது அங்கே வேலை செய்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். கோயிலுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் வந்து விழும் செய்திகளில் பாதி மலாய், மீதி ஆங்கிலம். தோட்டத்துப் பள்ளியில் இரண்டு மூன்று வருடம் படித்துவிட்டுப் பால்வெட்டப் போன பெண்கள் அதை எனக்கு அனுப்பி, "ஐயா, இது என்னா சொல்லுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நான் தமிழில் பேசிப் பதிவுசெய்து குழுவில் போடுவேன். தண்ணீர் வெட்டு, கிளினிக் அறிவிப்பு, உதவித்தொகை விண்ணப்பப் பாரம் என்று தொடங்கியது, பிறகு தினசரி வழக்கமாகிவிட்டது. காலைக் கோப்பிக்கு முன்னால் என் குரல் வராவிட்டால், "கோர்ட்டு ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டில் வந்து நின்று கேட்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மலாயில் ஒரு செய்தி வந்தது. வெள்ளை வேனில் வந்து பள்ளிப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று. எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்று ஒன்றும் அதில் இல்லை. இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டும் பதிவு செய்தேன். அதற்கு முந்தைய வாரம் டெங்கிக் கொசு பற்றி நான் போட்டதை யாரும் காதில் வாங்கவில்லை, வாளிகளில் தண்ணீர் அப்படியேதான் நின்றது. வேன் செய்தியும் அப்படியே போய்விடும் என்று நினைத்தேன். பேச்சின் முடிவில், "நம்ம பள்ளிக்கூடத்துப் பக்கமும் அந்த மாதிரி வேன் நிக்குது. நானே என் கண்ணால பாத்தேன்" என்று தொடங்கி, வேலி, கண்ணாடியில்லாத பின்பக்கம், ஓட்டுகிறவன் பார்வை எல்லாம் சேர்த்தேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பேச்சை எல்லாரும் நின்று கேட்க வேண்டும் என்ற ஆசைதான் உண்மையான காரணம்.

சாயங்காலத்துக்குள் என் குரல் ஜொகூரில் இருக்கும் மைத்துனர் வரை போய், அவர் வழியாக எனக்கே திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்குள் ஒரு வெள்ளை வேன் வந்தது. பழைய பேப்பர், இரும்பு, பேட்டரி வாங்குகிறவருடையது. மாதத்தில் இரண்டு தடவை, 'சூராட் காபார் லாமா', பழைய பேப்பர் என்று மலாயில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு மெதுவாக உருண்டு வருவார். ரெம்பியாவிலேயே குடியிருக்கிற தமிழர்தான். அவரை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்று கண்ணாடியில்லாத அந்தப் பின்பக்கத்தைத் திறந்துகாட்டச் சொன்னார்கள். பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பள்ளிப்பை கிடந்தது. ஜிப் அறுந்த பழைய பை, ஏதோ ஒரு வீட்டில் குப்பையோடு சேர்த்துப் போட்டது. அதுவே போதுமானதாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் எறிந்த கல்லில் முன்கண்ணாடி உடைந்தது. நான்கைந்து பேர் அவரை இழுத்துப்போட்டு அடித்தார்கள். நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அவர் ரோட்டில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்து விசாரித்து, ஒன்றுமில்லை என்று அவரை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. பாயா ரும்புட் வரை எந்தத் தாமானுக்குள்ளும் அவரால் வேனைக் கொண்டுபோக முடியவில்லை. பள்ளியில் அவருடைய மகள் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார மறுத்தார்களாம். கொஞ்ச நாளில் வேனை நிறுத்திவிட்டு ஒரு தொழிற்சாலையில் காவலாளியாகப் போனார். என்னையோ ஒருவரும் குறை சொல்லவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே ஐயா சொன்னீங்க" என்றார்கள். நான் தலையாட்டினேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் ஓர் அமைப்பினர் வந்தார்கள். வாட்ஸாப்பிலும் முகநூலிலும் வருகிற செய்திகளை எப்படிச் சோதிப்பது என்று தோட்டத்து மக்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கிற சின்ன ஊடக அமைப்பு. கோயில் மண்டபத்தில் கூட்டம். நடத்தியது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். வெண்பலகையில் முதல் கேள்வியாக, 'இதை யார் பார்த்தது?' என்று எழுதினாள்.

"வெள்ள வேன் கதை எல்லாருக்கும் வந்திருக்கும்லா? சொல்லுங்க ஆன்ட்டி, அதை யாரு பாத்தது?"

எதிர்வீட்டு அம்மாள் எழுந்து நின்றே பதில் சொன்னாள். "நம்ம கோர்ட்டு ஐயாதாம்மா பாத்தாரு. இந்தா ஒக்காந்திருக்காரே."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் சிரித்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முதலில் சொன்ன பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் தலையாட்டலை நம்பிவிட்ட அவள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அங்கிள், உங்க குரல்னா இங்க நம்புறாங்க. எங்களோட சேந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள். சேர்ந்துகொண்டேன். படத்தின் பழைய தேதியைக் கண்டுபிடிப்பது, செய்தியின் மூலத்தைத் தேடுவது, சந்தேகம் இருந்தால் அனுப்பாமல் நிறுத்துவது எல்லாம் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். கோயில் கோயிலாகப் போய்ப் பேசினேன். கைதட்டினார்கள். பொய்ச் செய்தியைப் பற்றி நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

செர்காம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூட்டம் நடந்தபோது அது முடிவுக்கு வந்தது. அங்கே லோரி ஓட்டுகிற ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். "நீங்க பொய்யிங்கிறீங்க. இதைக் கேளுங்க. இந்தப் பெரியவரு கண்ணால பாத்தேன்னு சொல்றாரே, இவரு என்னா பைத்தியமா?" என்று பதிவை ஓடவிட்டார்.

என் குரல். நிதானமாக, தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்கிற அந்த நீதிமன்றக் குரல். அன்று நான் இன்னும் பேசத் தொடங்காததால் அது நான்தான் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது.

திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். ஜாசினைத் தாண்டினோம். பிறகு கேட்டாள்.

"அங்கிள், உண்மையிலேயே பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"வேன் ஏதாச்சும்? தூரத்துல?"

"ஒண்ணும் பாக்கல. நானா சேத்தேன்."

அவள் காரை ஓரமாக நிறுத்தவில்லை, சத்தம் போடவில்லை. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் காரை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

"இனிமே நீங்க எங்க கூட்டத்துல பேச வேணாம் அங்கிள். சோரி." கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "எந்தக் குரல்ல போச்சோ, அதே குரல்லதான் திருத்தமும் போகணும். அதுதானே நீங்களும் சொல்லிக் குடுத்தீங்க."

மறுநாள் காலை பதிவு செய்தேன். ஐந்து தடவை அழித்தேன். கடைசியில் குழுவில் போட்டதில் நான்கு வாக்கியம்தான். நான் எந்த வேனையும் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னது பொய், பேப்பர் வாங்குகிறவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, இதை எல்லாருக்கும் அனுப்புங்கள்.

வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. "ஐயா மனசு யாருக்கு வரும்" என்று ஒருவர் எழுதினார். அந்த ஆளுடைய குடும்பத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நான் பழியை என்மேல் போட்டுக்கொண்டதாகப் பேசிக்கொண்டார்கள். யாரோ என்னை மிரட்டியிருக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. பொய்யை மாநிலம் தாண்டி அனுப்பியவர்கள் இதைத் தாமானுக்கு வெளியே அனுப்பவில்லை. மைத்துனருக்குப் போய்ச் சேரவில்லை, நான்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அதன்பிறகு பேப்பர்க்காரரின் வீட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகச் சீருடை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார்.

"என்கிட்ட வந்து சொல்லி என்னாங்க ஆவப்போவுது? நான் புள்ள புடிக்கறவன் இல்லன்னு எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிக்குத் தெரியும்."

"குழுவுலயும் சொல்லிட்டேன்."

"கேட்டேன். ஒங்களப் பெரிய மனுசன்னு சொல்றாங்களாமே." சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்க வேண்டியிருந்தது. "போன்ல சொன்னா எவன் கேக்கறான். என்னைய அடிச்சது போன்லயா? வூட்டுக்கு வூடு போய்ச் சொல்லுங்க. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

போனேன். காலையில் வெயில் ஏறும் முன்பு நாளுக்கு நாலைந்து வீடு. சிலர் நாற்காலி போட்டுக் கேட்டார்கள். சிலர், "விடுங்க ஐயா, பழைய கதை" என்று கேட்டைத் திறக்காமலே அனுப்பினார்கள். எதிர்வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப நான் கல்லுவுட்டது?"

அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லுங்க. நீங்க பாத்தேன்னு சொன்னதாலதானே நான் எறிஞ்சேன்? என்னைய என்னான்னு ஆக்கிட்டீங்க? பாவத்தை என் தலையில போட்டுட்டு இப்ப வந்து நல்லவரு மாதிரி நிக்கறீங்க. பேசாம இருந்திருக்கலாம்லா நீங்க!"

அன்றுதான் எனக்குப் புரிந்தது, என் திருத்தத்தை ஏன் யாரும் வெளியே அனுப்பவில்லை என்று. நான் பொய்யன் என்றால், கண்ணாடியை உடைத்தவர்களும் அடித்தவர்களும் மகளை ஒதுக்கியவர்களும் ஒரு குற்றமும் செய்யாத ஆளைத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். என் குற்றவுணர்விலிருந்து நான் தப்புவதற்காகச் சொன்ன உண்மையை அவர்கள் ஒவ்வொருவரும் சுமக்க வேண்டியிருந்தது. பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதைவிட எளிது. அந்த அமைப்பின் பாடங்களில் இது இல்லை. அதை நடத்திய பெண்ணுக்கு எழுதி அனுப்பினேன். 'சேத்துக்கிறேன் அங்கிள்' என்று ஒரு வரி பதில் வந்தது.

காலைக் குரலை நிறுத்திவிட்டேன். இப்போது யாராவது செய்தி கொண்டுவந்தால் அவர்கள் எதிரிலேயே வாசித்து, எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன். முன்புபோல் அதிகம் பேர் வருவதில்லை. எதிர்வீட்டு அம்மாள் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவள் பேப்பர்க்காரர் வீட்டுக்குப் போய்வந்தாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு அவர் காவல் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் வேனை எடுத்தார். முதல் தடவை வந்தபோது மிக வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார், யாரும் கூப்பிட முடியாத வேகம். இரண்டாம் தடவை எதிர்வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு அந்த அம்மாள் கட்டிவைத்த பேப்பரோடு ரோட்டுக்கே வந்து நின்றாள். அவர் நிறுத்தினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இப்போது மாதம் இரண்டு தடவை வருகிறார். மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள்.

நானும் பேப்பரைக் கட்டி என் கேட்டருகில் வைத்தேன். எதிர்வீட்டில் நிறுத்தி எடுத்துக்கொண்டவர் என் வீட்டு முன்னால் நிறுத்தாமல் போனார். அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்குப் பிறகு நான் வைப்பதில்லை. பாயா ரும்புட்டில் மறுசுழற்சிக்கு வாங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.