பழைய டிரைவர்

வியாழக்கிழமைப் பாத்திரங்கள் பஸ் டிரைவருடையவை. வாரத்தில் அவருக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். குக்கரின் அடிப்பிடித்த பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் மனைவி யாரையோ திட்டுவதும் கெஞ்சுவதுமாக இருந்தாள். கம்ப்யூட்டரைத்தான்.

அச்சகத்தில் அவளை லேஅவுட் அக்கா என்பார்கள். பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறாள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட மெஷினை அச்சகம் கொடுத்தபோது முதலில் மிரண்டாள்; இப்போது வேறு எதையும் தொட மாட்டாள். இன்று நாலு மணிக்குள் அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பதினாறு பக்கம் போக வேண்டும். தவறினால் அடுத்த வகுப்புப் புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும். மணி ஒன்றரை. திரை கன்னங்கரேலென்று இருந்தது.

கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தங்கையைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலையில என்னக்கா பண்ணே?"

"அப்டேட் கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்."

"அதான். உன் கிராஃபிக்ஸ் கார்டு பத்து வருஷப் பழசு. அந்தக் கார்டை ஓட்டற புரோகிராம்தான் டிரைவர்; புது டிரைவருக்கு அது யாருன்னே தெரியல. இப்ப இருக்கற டிரைவரைத் தூக்கிட்டு, பழைய டிரைவரையே கூட்டிட்டு வரணும்."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நுரைக் கையோடு அவர் அறை வாசலுக்கு வந்தார்.

"யாரது பழைய டிரைவர்? பதினெட்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"உங்களைவிட நல்லா ஓட்டுவாராம், மாமா," என்றது போன்.

"சும்மா இருடி. மணி ஆகுது," என்றாள் அக்கா.

தங்கை சொன்ன மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கியதும் வெறும் எழுத்துத் திரை வந்தது. பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. "விழாது, நம்பி அடி," என்றாள் தங்கை. பிறகு அடிக்க வேண்டிய வரிகளை மாமாவின் போனுக்கு அனுப்பினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"அப்புறம் ஒரு கோடு."

அடித்தாள். மெஷின் ஏற்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் பிழை.

"சின்னக் கோடா, நீளக் கோடா?"

"கோடுன்னா கோடுதானே?"

"பஸ்ஸுன்னா பஸ்ஸுதானேன்னு எதுலயும் ஏறிடுவாங்களா? குடுங்க இப்படி."

போனை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். "நீளக் கோடு. இது புத்தகத்துல வரும், இங்க வராது. அவ ரெண்டு சின்னக் கோடு போட்டிருக்கா, போன் ரெண்டையும் ஒட்டிடுச்சு."

"அட, ஆமாக்கா!" என்றாள் தங்கை.

இரண்டு கோடு போட்டதும் வரிகள் மளமளவென்று ஓடின. மெஷினை அணைத்துப் போட்டாள். திரை வெளுத்து, பக்கங்கள் வந்தன. மணி இரண்டு இருபது. தவளையின் இதயப் படம் ஒரு பக்கத்திலும் அதன் விளக்கம் மறு பக்கத்திலும் கிடந்தன. அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டு உக்காரேன்?" என்றார்.

தவளைப் படம் அதன் விளக்கத்தை நோக்கி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்து நின்றவர், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.