தபீதாளைத் தெரிந்தவர்கள்

தலை நிற்காத பச்சைக் குழந்தையை ஒருத்தியின் காலில் குப்புறக் கிடத்திவிட்டு நிம்மதியாக நிற்கிறவர்கள், அதே ஒருத்திக்கு ஓர் அறையின் சாவியைக் கொடுக்க ஏன் யோசிக்கிறார்கள்? தபீதாளின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. மனிதர்கள் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவளுக்குச் சாவி தர மறுத்தவர்களில் கெட்டவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை.

தபீதாள் குழந்தை குளிப்பாட்டுகிறவள். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் என்று விடிந்ததும் வீடு வீடாகப் போவாள். கொல்லைப்புறத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையை அதன்மேல் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்ப்பாள். வெந்நீரைத் தன் முன்கையில் விட்டுப் பார்த்த பிறகே குழந்தைமேல் ஊற்றுவாள். பயத்தமாவு, சாம்பிராணிப் புகை, கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீரைக் குழந்தையைச் சுற்றிக் கீழே கொட்டுவது. பிறகு பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவாள். தீட்டு கழிந்த அன்று வெற்றிலைத் தட்டில் ஒரு புடவையும் கொஞ்சம் ரூபாயும் வைத்துக் கொடுப்பார்கள். யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. "குளிப்பாட்டற அம்மா வந்தாச்சு" என்பார்கள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

கொத்தனாராக இருந்த கணவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது மகள் ஞானஜோதி நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கடப்பேரியில் ஒற்றை அறை வீட்டில் இருந்த அண்ணன் யேசுதாசன் தங்கையைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். பள்ளி வயது வந்ததும் பெண்ணைச் செங்கல்பட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்தார்கள். தபீதாள் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில், தன் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் காலம் கழித்தாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜோதி பத்தாவது பரீட்சை எழுதினாள். அந்த விடுதியில் பத்தாவதோடு சரி. மே மாதம் முடிவதற்குள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். வீடு எங்கே இருக்கிறது?

யேசுதாசனிடம் அதற்கு ஒரு வழி இருந்தது.

"தோ பாரு தபீதா, வயசுப் பொண்ண இட்டாந்து இந்தப் பொந்துல எங்க படுக்கவெப்ப? நம்ம மச்சான் துரைராஜ் கேட்டுகினே கீறான். கட்டிக் குடுத்துட்டா உனக்கும் பேஜாரு வுட்டுது."

"அது இன்னும் படிக்கணுங்குது அண்ணா. அதுக்குள்ள கண்ணாலமா?"

"நீ கட்டிக்கினப்போ உனக்கு இன்னா வயசு? பெரிசா பேச வந்துட்டா."

அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தபீதாளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து குளிப்பாட்டி முடித்துத் திரும்பும் வழியில், 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய கேட்டுகளையெல்லாம் தட்ட ஆரம்பித்தாள்.

எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான். உன் வீட்டுக்காரர் எங்கே வேலை? இல்லை என்றால், நீ எங்கே வேலை? "கொயந்த குளிப்பாட்டறேன்" என்று சொன்னால், அதைக் கேட்டு அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அட்வான்ஸ் கொடுக்க அவளிடம் ரூபாய் இருந்தது. சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. முந்தானையில் முடிந்துகொண்டேதான் போனாள். யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. அவர்களுடைய சந்தேகமெல்லாம் வரப்போகிற மாதங்களைப் பற்றி.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, பக்தவச்சலம் என்பவர் வீட்டிலும் அட்டை தொங்கியது. அந்த வீட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். முந்தைய வருஷம் அவருடைய மகள் லோகநாயகி பிரசவத்துக்கு வந்திருந்தபோது அங்கே தினமும் போனவள். பக்தவச்சலம் அரசாங்கக் கணக்குத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்பக்கம் ஒரு போர்ஷன். ஓர் அறை, சமையலுக்குத் தடுத்த ஒரு மூலை, தனி வாசல். அதில் கடைசியாகக் குடியிருந்தவர் வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இழுத்தடித்து, கோர்ட்டு வரை போய்த்தான் வெளியேறினார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "சரிம்மா. உன் தொழில்ல மாசாமாசம் நிலையா வருமானம் வருமா?"

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் 'வரும்' என்று சொல்லியிருப்பாள். தபீதாளுக்குப் பொய் வராதென்பதல்ல. கேள்வியை அவள் உண்மையாகவே யோசித்துவிட்டாள்.

"சித்திரைல மட்டும் கொஞ்சம் கம்மி சார்."

"அதென்ன சித்திரை?"

"ஆடி மாசம் புதுப்பொண்ண அம்மா வூட்டுக்கு இட்டுகினு பூடறாங்கோ இல்ல சார்? அப்பாலிக்கி சித்திரைல எப்டி கொயந்த வரும்?"

பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி பேப்பரைப் பிரித்தார். சமையலறையில் அவர் மனைவி காந்திமதி சிரிப்பை அடக்குவது கூடம் வரைக்கும் கேட்டது.

"உத்தியோகத்துல இருக்கறவங்க, உன்னை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது ஒரு லெட்டர் குடுத்தா பார்க்கலாம்" என்றார் அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? சேலையூரில் ஒரு பேங்க் அதிகாரி வீடு. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவள் காலில் கிடந்து வளர்ந்தவர்கள். அந்த வீட்டு அம்மா ஓடிப்போய்க் கணவரை அழைத்து வந்தாள். அவர் தபீதாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்களை நான் பார்த்ததே இல்லையே."

"என்னங்க நீங்க! ரெண்டு பிரசவத்துக்கும் வந்தாங்க!"

"வந்திருக்கலாம். நீங்கதான் என்னை அந்தப் பக்கமே விடலையே. வாசல்ல உட்கார்ந்திருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "குரல் கேட்ட மாதிரி இருக்கு. குரலை வெச்சு எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

அவர் சொன்னதில் தவறில்லை. குளிப்பாட்டும் நேரத்தில் ஆண்களை வெளியே அனுப்பிவிடுவது எல்லா வீட்டிலும் வழக்கம். ஆக, அவளைத் தெரிந்தவர்களெல்லாம் பெண்கள். கையெழுத்துக்கு மதிப்புள்ளவர்களெல்லாம் ஆண்கள். இத்தனை வருஷமாக ஓர் ஊர் முழுக்க வீடு வீடாக நடந்தும் இது தன் புத்தியில் ஏறாமல் போனதை நினைத்துக்கொண்டே அவள் திரும்பினாள்.

அவள் போகும் சர்ச்சின் போதகர் ஆண், படித்தவர், அவளைத் தெரிந்தவர். அவரிடம் போனாள். அவர் உடனே சபையின் முத்திரை வைத்த தாளை எடுத்து எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். அதைப் பைபிளுக்குள் வைத்து, கசங்காமல் கொண்டுபோய்ப் பக்தவச்சலத்திடம் நீட்டினாள்.

போதகர்கள் எழுதிப் பழகிய கடிதம் ஒரே வகைதான். பள்ளிக் கட்டணச் சலுகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதுவதையே அவர் இதற்கும் எழுதியிருந்தார். பக்தவச்சலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "இக்கடிதம் கொண்டுவரும் சகோதரி தபீதாள் ஆதரவற்ற ஏழை விதவை. வருமானம் ஏதும் இல்லாதவர். தாங்கள் மனமிரங்கி இயன்ற உதவி செய்யுமாறு…"

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "நீயே கொண்டுவந்து குடுத்திருக்கியேம்மா, வருமானம் இல்லைன்னு. நான் என்ன செய்யட்டும்?"

தபீதாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடக் கை வரவில்லை. மே மாதம் பாதி கழிந்திருந்தது. படி இறங்கியவளைக் காந்திமதி கூப்பிட்டாள். "இரு, போகாதே." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, போன வருஷம் நம்ம லோகாவோட குழந்தையை இவ கையில குடுத்தோமே, அப்ப எந்த லெட்டரைக் கேட்டீங்க?"

"குழந்தை விஷயம் வேற, காந்தி. குளிப்பாட்டறப்போ நீ பக்கத்துல நிக்கறே. வீடு அப்படியா? குடுத்தா குடுத்ததுதான். உள்ள என்ன நடக்குதுன்னு யார் நின்னு பார்க்கறது?"

சற்று யோசித்தால், ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடைப்பது அரிது. அவர்கள் குழந்தையைக் கொடுத்தார்கள், கண்ணை எடுக்கவில்லை. நம்பிக்கை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டது பாதி காவல்தான். தபீதாளுக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் அடுத்து காந்திமதி சொன்னதைக் கேட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"லோகாவுக்கு ஜன்னி கண்டு டாக்சியில தூக்கிட்டு ஓடினோமே, அன்னைக்கு யார் நின்னு பார்த்தா? நீங்க, நான், மாப்பிள்ளை எல்லாரும் போயாச்சு. பீரோ சாவி ஆணியில தொங்குது. விளக்கு வெச்சப்புறம்தானே வந்தோம்? அதுவரைக்கும் குழந்தையும் வீடும் இவகிட்டதான் இருந்தது."

பக்தவச்சலத்துக்கு அந்த நாள் வேறு மாதிரி நினைவிருந்தது. "நல்லா ஞாபகம் இருக்கு. நாம வந்தப்போ வாசக்கதவு விரியத் திறந்து கிடந்தது. நாய் பூந்திருந்தா? திருடன் வந்திருந்தா? ஒரு கதவைச் சாத்திவெச்சுக்கத் தெரியலை, இவளுக்கு ஒரு வீட்டையே குடுக்கணுமாம்."

தபீதாள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"தெரியாம இல்ல சார். எதிர்வூட்டு அம்மா கண்ணுல படற மாரி, கொயந்தய மடில வெச்சிகினு நடுக்கூடத்துலயே குந்தினு இருந்தேன். சாத்திகினா, உள்ள நா இன்னா பண்ணேன்னு நாளைக்கி யாரு சார் சொல்லுவாங்கோ?"

பக்தவச்சலம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். படிக்க எதுவும் இல்லாததால் கழற்றினார்.

"இருந்தாலும் ஒரு முறைன்னு இருக்கில்ல காந்தி. தெரிஞ்சவங்க யாராவது…"

"எனக்குத் தெரியும். என் பேரை எழுதிக்குங்க."

"வீட்டுக்காரன் பொண்டாட்டியே வாடகைக்காரிக்கு சாட்சியா? ஊர்ல கேட்டா சிரிப்பான்."

"போன தடவை வந்தவன் கம்பெனி லெட்டரோடதான் வந்தான். ஊர் சிரிக்கலை, கோர்ட்டே சிரிச்சுது."

மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. வேறு வழி தெரியாமல் ஒப்புக்கொண்டார் என்பதே சரி. அதிலும் நிபந்தனைகள் போட்டார். வெளி ஆள் தங்கக் கூடாது; கருவாடு சுடக் கூடாது; பதினோரு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம். முத்திரைத்தாள் வாங்கிவந்து எழுத உட்கார்ந்தவர், இரண்டாவது வரியில் பேனாவை நிறுத்தினார்.

"உன் பேர் என்னம்மா?"

கடிதத்தில் படித்தவர்தான், அதற்குள் மறந்திருந்தார். தபீதாள் சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டி எழுதினார். கீழே சாட்சி என்ற இடத்தில் காந்திமதி கையெழுத்திட்டாள். இன்னொரு சாட்சிக்கு எதிர்வீட்டு அம்மாவையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் ஜோதி ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பால் காய்ச்சி ஜெபம் செய்து ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். வந்திருந்த யேசுதாசன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ராங்காதான் கீது" என்று சொல்லிக் கிளம்பினான். துரைராஜ் பேச்சை எடுக்கவில்லை. அவன் தலை மறைந்ததும் தபீதாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். உச்சி வெயில். உள்ளே காற்றில்லை.

"இன்னாத்துக்கும்மா இந்த வேகாட்டுல கதவ சாத்தற?" என்றாள் ஜோதி.

"சும்மாதான்."

அதன் பிறகு அந்த வீட்டில் அவள் வாழ்ந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை தவறியதில்லை, சித்திரையிலும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புது முத்திரைத்தாள் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் காந்திமதியின் கையெழுத்து இருந்தது. பக்தவச்சலம் கடைசி வரை அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது முன்வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அவர் இறந்த பிறகு காந்திமதி தனியாக இருந்தாள்.

ஜோதி நர்சிங் முடித்து வேலைக்குப் போனாள். தொண்ணூறுகளின் நடுவில், அம்மாவின் சீட்டுப் பணத்தில் கீழ்க்கட்டளையில் ஒரு மனை வாங்கினார்கள். கட்டுவதற்கு, ஜோதி தன் சம்பளச் சீட்டைக் காட்டியதும் கடன் கிடைத்தது. அவளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் அம்மாவுக்கென்று தனி அறை. தனி வாசல். உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள், ஜோதியே கடையில் பார்த்து வாங்கியது.

குடிபுகுந்த அன்று காந்திமதியும் வந்திருந்தாள். சிட்லபாக்கத்து ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. "சாமானெல்லாம் எப்ப எடுக்கறே, தபீதா?" என்று கேட்டாள். "மெதுவா எடு. நான் உடனே அட்டை மாட்டப் போறதில்லை."

தபீதாள் தன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் காந்திமதியைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். அம்மா இரண்டொரு நாள் கழித்துச் சாமான்களோடு வருவாள் என்று ஜோதி நினைத்தாள்.

மறுநாள் குளிப்பாட்டி முடித்துத் திரும்பும் வழியில் தபீதாள் தாம்பரத்தில் இறங்கி, முத்திரைத்தாள் விற்பவரிடம் போய், பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு சிட்லபாக்கத்துக்கு நடந்தாள்.