கத்துகிற கோல் கீப்பர் வேண்டாமாம்

ஏற்காட்டுக் கோடை விழாப் பந்தயத்துக்காக எங்கள் கால்பந்து கிளப் சேலத்திலிருந்து ஐந்து ஆட்டக்காரர்களை வரவழைத்திருந்தது. அவர்களை மைதானத்துக்கு ஏற்றிப் போனது என் ஜீப்தான். ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு டப்பாவை எடுத்து முழங்காலில் புஸ்ஸென்று அடித்துக்கொண்டார்கள். வலிக்கு மருந்தாம். இன்னும் பந்தையே தொடவில்லை, அதற்குள் என்ன வலி? இரண்டு நாளாகியும் அந்த வாடை சீட்டை விட்டுப் போகவில்லை. என் வயிற்றெரிச்சலும் போகவில்லை.

நாங்கள் ஆடிய காலத்தில் எங்கள் முழங்காலில் அடித்தது யூகலிப்டஸ் இலையைக் கசக்கித் தேய்த்த வாடை. அப்போது நான் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இன்று மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப்புகளில் மூன்று என்னுடையவை. நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்? அந்த மூட்டை தூக்கிகளெல்லாம் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்த கிளப். வெறுங்காலோடு பின்வரிசையில் பேக் ஆடுவேன். என்னைத் தாண்டிப் பந்து போனால் ஆள் போகாது, ஆள் போனால் பந்து போகாது.

காப்பி பறிக்கும்போது பனி இறங்கினால் அடுத்த செடிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தெரிய மாட்டார். அதனால் எல்லோரும் விட்டு விட்டு "ஹோய்" என்று குரல் கொடுத்துக்கொண்டே பறிப்பார்கள். அதே வழக்கம் எங்கள் ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. பனி இறங்கியதும் கோல் கீப்பர் வாயை மூடவே கூடாது. அந்தக் குரலை வைத்துத்தான் நம் கோல் எந்தப் பக்கம், நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்வோம். கீழேயிருந்து வருகிற அணிகள் பனியில் திணறும். நாங்கள் கோல் போட்டுக்கொண்டே இருப்போம்.

ஒருமுறை நானும் போட்டேன். எங்கள் கீப்பர் கிளியூர்ச் செல்லான் தொண்டை கிழியக் கூப்பிட்டான். என்னைவிடவா இவனுக்குத் தெரியும் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடி, ஓங்கி உதைத்து, விசிலடித்து ஆடினேன். செல்லான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து வெளியே வந்தான்.

"ஏன்டா, நம்ம ஊட்டுலயே திருடிப்போட்டு விசில் வேற அடிக்கறயா?"

நாலு நாள் எஸ்டேட்டில் தலைகாட்ட முடியவில்லை. கணக்கெழுதுகிற ரைட்டர் பேர் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் ஒருவன் விசிலடிப்பான்.

செல்லானுக்கு அப்புறம் எத்தனையோ பேர் கோலில் நின்றார்கள். அந்தக் குரலை முழுசாக வைத்திருந்தவன் நாகலூர்ப் பெருமாள் ஒருவன்தான். காப்பிக்காட்டில் வேலை, சாயங்காலம் மைதானம். அவனைத்தான் இந்தக் கோடையில் சேலத்து அணிக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்த ஐந்து பேரில் இரண்டு பார்வேர்டுகளுக்குப் பதிலாக. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளப் வாட்ஸ்அப்பில் "நன்றி பெருமாள்" என்று ஒரு கும்பிடு போட்டார்கள், முடிந்தது.

கிளப் செயலாளர் ஏற்காட்டில் லாட்ஜ் நடத்துகிறவர். நேரே அங்கேயே போனேன்.

"ஏனுங்க, பெருமாளை எதுக்குங்க குடுத்தீங்க?"

"ரெண்டு பேரு வர்றாங்கல்லங்க. அதுவுமில்லாம அந்தாளு சும்மா கத்திக்கிட்டே இருக்கறாருங்க. வீடியோவுல கேக்கவே நல்லால்லீங்க."

"பனிக்குக் கத்தறானுங்க."

"மே மாசத்துல ஏதுங்க பனி?"

லாட்ஜ் விளம்பரத்தில் பன்னிரண்டு மாதமும் பனி காட்டுகிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? காப்பி கொண்டுவரச் சொன்னார். வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன்.

முதல் ஆட்டமே அந்தச் சேலத்து அணியோடுதான். மதியம் தூறல் போட்டு நின்றது. பாதி ஆட்டத்தில் பனி இறங்கி மைதானத்தை மூடியது. சேலத்திலிருந்து வந்த எங்கள் புதுக் கீப்பர் ஊமையாக நிற்கிறான். நம் ஆட்களே எதிராளி காலுக்குப் பந்தைத் தள்ளுகிறார்கள். இரண்டு கோல் வாங்கியாயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோட்டோரம் நின்று அடிவயிற்றிலிருந்து "ஹோய்" என்றேன்.

நம் ஆட்கள் ஒருவரும் திரும்பவில்லை. எதிர்க் கோலிலிருந்து கணீரென்று பதில் வந்தது: "ஹோய்."

மூன்றாவது கோலும் விழுந்து ஆட்டம் முடிந்தது. வேறு நிறச் சட்டையில் பெருமாள் என்னைத் தேடி வந்தான்.

"ஏனுங்ண்ணா, நீங்கதானுங்களா கூப்ட்டது? கேட்டதும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுங்க."

அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜீப்புக்கு வந்தேன். ஐந்து பேரும் முழங்காலுக்கு மருந்தடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மைதானம் அதே மைதானம், பனி அதே பனி. எங்கள் கோலில்தான் சத்தமில்லை.