யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை

சில வருடங்களுக்கு முன்பு, மக்காச்சோளம் முற்றி நின்ற தை மாதத்தில், பாலசமுத்திரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது இது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் கண்ணிவெடி வைக்கவும் எடுக்கவும் கற்றேன். வெளியே வந்த பிறகு, போர் முடிந்த நாடுகளில் வயல்களிலிருந்து கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். ஒரே ஊரில் தங்காத எனக்கு அந்தப் பிழைப்பு ஒத்துவந்தது. பிறகு திண்டுக்கல்லில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள மில்களின் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தேன்.

அன்று அவர்களில் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ஊர் எல்லையில் ஓடைக்கரையில் கூட்டம். முந்தின நாள் ஓர் அம்மாவின் பசு அங்கே அவுட்டுக்காயைக் கடித்துவிட்டது. காட்டுப்பன்றிக்காக உணவுக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி அது. தாடை சிதறி, விடிவதற்குள் பசு செத்துவிட்டது. இப்போது அவருடைய இன்னொரு பசுவும் கயிற்றை அறுத்துக்கொண்டு அதே ஓடைப் புதருக்குள் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா உள்ளே இறங்கப் பார்க்க, இரண்டு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

"விடுங்கடி, எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்" என்று அவர் திமிறினார்.

இவர் பட்டாளத்தில் இருந்தவர், வெடி எடுக்கிறவர் என்று காவலாளி என்னைக் காட்டினார். "பட்டாளத்துக்காரரு சல்யூட் அடிச்சா மாடு வந்துருமாக்கும்" என்றார் ஒரு பெரியவர். சிலர் சிரித்தார்கள். வெடியை வைத்தவன் யார் என்று மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான்தான் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. போலீஸ் என்ற பயம்.

யார் வைத்தது என்று கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். கேட்டால் விஷயம் தெரிந்தவன் ஊமையாகிவிடுவான். எந்த வழியாக நடக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். நானும் ஒவ்வொருவரிடமும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் அவரவர் குறுக்குவழியைச் சொன்னார்கள். ஒருவருக்கு மட்டும் ஓடைக்கு நேர் எதிரே தோட்டம். அவர் ஓடைப் பக்கமே வராமல் தார்ரோடு சுற்றி வந்திருந்தார்.

பீடி கேட்பதுபோல அவரைத் தள்ளிக் கூட்டிப்போனேன். "யாருன்னு நான் கேக்கல, யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். இன்னும் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புளியமரத்தடியில ஒண்ணுங்க. தண்ணி தேங்கற பாறைகிட்ட ஒண்ணுங்க. அம்புட்டுத்தான். பன்னி ஒரு கதிரு மிச்சம் வெக்கலீங்க."

பசு அப்போது புளியமரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன இரண்டு இடங்களையும் தவிர்த்து, ஒவ்வோர் அடியிலும் தரையைப் பார்த்துப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். போன தடத்திலேயே பசுவோடு திரும்பினேன். பிறகு ஓடைக்குள் யாரும் இறங்காமல் கயிறு கட்டி, போலீசுக்குச் சொன்னோம். வெடி எடுக்கும் ஆட்கள் வந்து இரண்டையும் எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் காட்டிய இடம் என்று மட்டும் நான் சொன்னேன்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"யாருங்க அது?"

எல்லா நாட்டிலும் சொன்னதையே சொன்னேன். தெரியாது.

என் முகத்தையே பார்த்தார். "சொல்லாட்டி விடுங்க. நாளைக்கும் இந்த ஊர்லதான நானும் கெடக்கணும். ஆனா தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வழிவிட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் பல கால்கள் தப்பின என்று இன்றும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் பறிகொடுத்தவர் எதிரே வந்து கேட்டால், தெரியும், சொல்ல முடியாது என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்கிறேன்.